ஒன்பது செவ்வாய்

கடலுக்குப் பூட்டுப் போட்ட மறுநாள்
ஐஸ் உடைக்கிற சத்தம் இல்லாமல்
காசிமேட்டுக்கு விடியத் தெரியவில்லை.
இவருக்கும்தான்.
பத்து மணி வரை தூங்கி எழுந்து
"ரெண்டு மாசம் தடைமே, எங்க போலாம் சொல்லு" என்றார்.

தையில் கல்யாணம்.
அதிலிருந்து சித்திரை வரை
நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது இருபத்திரண்டு நாள்.
கேலண்டரில் குறித்திருக்கிறேன்,
பால் கணக்குக்குக் கீழே.
மற்றதெல்லாம் லாஞ்சு இஞ்சினோடுதான் அவர் குடித்தனம்.

எனக்கோ எம்.சி. ரோட்டில் முகூர்த்த சீசன்.
யார் யார் கல்யாணத்துக்கோ
பட்டுக்கு பில் போடுகிறவளுக்குச்
செவ்வாய் ஒன்றுதான் லீவு.

கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி
பொன்னேரியில் இறங்கி
பஸ்ஸில் நசுங்கிப் பழவேற்காடு போனோம்.
அவருடைய அத்தை மகன் வீட்டில் நண்டு.
சாப்பிட்ட கையோடு கரைக்குப் போய்
யாரோ வலை பிரிப்பதைப் பார்த்து நின்றார்.
கடலிடமிருந்து லீவு எடுத்தவர்
கடலைப் பார்க்கவா டிக்கெட் எடுத்தார்?
"இங்க தண்ணி வேற மாரி" என்றார்.
எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தது.

வியாசர்பாடியில் என் தம்பிகள்
அவரைக் கேரம் கிளப்புக்குக் கூட்டிப்போனார்கள்.
பதினொன்றாகியும் ஆளைக் காணோம்.
கறிக்குழம்பை மூன்றாம் முறை சூடாக்கிய அம்மா கேட்டாள்:
"உன் வீட்டுக்காரரா, இவனுங்க வீட்டுக்காரரா?"

நிவாரணப் பணம் வந்தது,
ஃபிரிட்ஜ் தவணைக்குப் போனது.
அந்த ஃபிரிட்ஜில்
மீன் தவிர எல்லாம் இருந்தது.

ஏலகிரிக்கு நாங்கள் இருவர் போவதாகத்தான் பேச்சு.
பெலிக்ஸ் வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றான்,
அவன் பெண்டாட்டி நித்யா வந்தாள்,
சலீம், சலீமின் ஸ்பீக்கர் பெட்டி,
நாத்தனார் கோமதி, பிள்ளைகள் இரண்டு,
"வீட்ல தனியா நா இன்னா பண்ணுவேன்" என்று மாமியார்.
பன்னிரண்டு சீட்டில் பதினாறு பேர்.
வாணியம்பாடி தாண்டியதும் ஏசி செத்தது.

பதினாலு வளைவு.
நாலாவதில் தேசிங்கு பேச்சை நிறுத்தினார்.
ஏழாவதில் ஜன்னலுக்கு வெளியே தலை.
புயல் கூண்டு ஏற்றின ராத்திரியில்
கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினவராம்!
"மரைன் இஞ்சினு ரிவர்ஸ்ல போதுடா" என்று பெலிக்ஸ் கத்த
வண்டியே குலுங்கிச் சிரித்தது.
எலுமிச்சம்பழம் தேடினார் மாமியார்.
நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.
எல்லார் முன்னாலும்
அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.
யாரும் கவனிக்கவில்லை.
பதினாலாவது வளைவு வரை கையை எடுக்கவில்லை.

லாட்ஜில் ஆம்பளைங்களுக்கு ஒரு ரூம்,
பொம்பளைங்களுக்கு ஒரு ரூம்.
கோமதியின் சின்னவன் என் வயிற்றில் கால் போட்டுத் தூங்க,
நடுராத்திரி போனில்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மெசேஜ்:
தூங்கிட்டியா.
தூங்கிட்டேன் என்று அனுப்பினேன்.

கடைசிச் செவ்வாய் எங்கும் போகவில்லை.
யார்டில் கட்டை முட்டுக்கொடுத்து
கரையேற்றி வைத்திருந்தது லாஞ்சு.
பெயின்ட் காயாத ஏணியில்
புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன்.
கருவாட்டுத் தொக்கு, சோறு, ஒரு பாட்டில் மோர்.
வீலுக்குப் பின்னால்
எங்கள் கட்டில் பாதிகூட இல்லாத பலகை.
"இங்கதான் படுப்பேன். மழை வந்தா ரெண்டு பேரு."

பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.
இந்தக் கோடை முழுக்கத் தேடின இடம்
தண்ணிக்கு நூறடி இந்தப் பக்கம்
தரையில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

கையைக் கழுவி உதறிவிட்டு
ஈர விரலால் காட்டினார்:
"செவப்பா ஒரு கப்பல் நிக்குது பாரு,
அதைத் தாண்டினா டவர் கட்டு."

தடை முடிந்த ராத்திரி
காசிமேடு முழுக்க டீசல் புகை.
டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போனார்.
நான் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து
ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன்.
இரண்டே முக்காலுக்குப் போன்.
"சாப்ட்டி"
என்பதோடு நின்றது.

முன்பென்றால் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பேன்.
இப்போது தெரியும்,
சிவப்புக் கப்பலைத் தாண்டுகிறார்.
சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு
அப்புறம் போய்ச் சாப்பிட்டேன்.