கொக்கி

ஙிர்மாங் படகை நிறுத்தினான்.
ஙகரத்தில் தொடங்கும் ஒரு பெயரை
வாய்விட்டுக் கூப்பிட
பலாவு வரை வரவேண்டியிருந்தது எனக்கு.

பதினெட்டு மீட்டர் ஆழம்.
செத்த பவளப்பாறை விளிம்பில்
எபில் காட்டியபடி கொக்கியை மாட்டிக்
கையை விட்டேன்.
நீரோட்டம் தூக்கிப் பட்டமாக்கியது என்னை.
தலையைத் திருப்பினால்
முகமூடியைக் கழற்றிக்கொண்டு போய்விடும்.
ஆகவே நேரே பார்.

நேரே
சீலா மீன்கள். ஆயிரமோ என்னவோ,
எண்ணத் தொடங்கும்போதே திரும்பிவிடுகின்றன.
ஒரு பக்கம் வெள்ளி,
மறுபக்கம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைக் கிழித்துக்கொண்டு
சாம்பல் சுறாக்கள்.
அத்தனை வேக நீரிலும்
வாலைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றன.
நான்தான் கட்டிப்போட்ட ஆடுபோலத்
துள்ளிக்கொண்டிருந்தேன்.

நான்காவதாக வந்ததன் கடைவாயில்
துருவேறிய தூண்டில் முள்.
ஒரு முழ நரம்பு, பாசி படர்ந்து,
பின்னால் இழுபட்டு வந்தது.
அதன் கண் என்மேல் ஊர்ந்து
என் கயிற்றில் கொஞ்சம் நின்றதாகத் தோன்றியது.
தோன்றியதுதான்.
குமிழிகளைத் தவிர என்னிடம் பேச்சில்லை.

எபில் பலகையில் எழுதிக் காட்டினாள்:
மார்ச்சிலிருந்து.

காற்று அறுபது பார். கட்டைவிரல் மேலே.
கயிற்றைச் சுண்டி ஒரு இழுப்பு,
கொக்கி கழன்றது.
அவ்வளவுதான். அவ்வளவு சுலபம்.

படகில் பச்சைப் பாக்கை இரண்டாய்ப் பிளந்து
சுண்ணாம்பு தூவி
ஒரு பாதியை நீட்டினாள் எபில்.
மென்று மென்று
மாறிமாறிக் கடலில் சிவப்பாய்த் துப்பினோம்.
யாரும் சுறாவைப் பற்றிப் பேசவில்லை.
மதியத்துக்கு மீன் வேண்டுமே,
ஙிர்மாங் முழங்கால்களுக்கிடையே
நரம்பை இறுக்கிப் பிடித்து
புது முள் கட்டிக்கொண்டிருந்தான்.
எனக்கும் பசி.