நாற்பத்திரண்டு கால் மழை

செங்காங்கில் ஒரு பள்ளி, பல்நோக்கு அறை.
வியாழக்கிழமை முப்பது நிமிடம் எனக்கு.
நீலப் பாய்தான் கடல்.
படுங்கள் என்றேன்,
இருபத்தொரு பேர் படுத்தார்கள்.
கடல் உடனே ஒன்றையொன்று கிள்ளத் தொடங்கியது.

சூரியன் வருகிறது என்று
எல்லா விளக்குகளையும் போட்டேன்.
முதலில் விரல், பிறகு மணிக்கட்டு,
அப்புறம்தான் தோள்;
ஆவி அவசரப்படாது என்றேன்.
ஹேமேஷ் ஒரே தாவலில் மேகமாகிவிட்டான்.
மற்றவர்கள் நுனிக்காலில் எழுந்து
தள்ளாடித் தள்ளாடி
குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்
ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டார்கள்.
குளிர்ந்தால் நெருங்கும் என்று
நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு பொழிந்தார்கள்.
கீழ்மாடியிலிருந்து மிஸ் லிம் ஏறிவந்து
கதவைத் திறந்து, பார்த்து,
ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டுப் போனார்.

மழை கால்வாயில் ஓடி
நாற்காலிகளுக்கு நடுவே நீர்த்தேக்கமாய்த் தேங்கி
பாய்க்குத் திரும்பும் நேரம்
சஃபியா கை தூக்கினாள்.
"டீச்சர், டாய்லட் எங்கே?"
வெளியே வலப்பக்கம், சீக்கிரம் வா, என்றேன்.
"இல்ல டீச்சர், இந்த ஆட்டத்துல.
எங்க வீட்டுத் தண்ணி டாய்லட்டுக்கும் போகுமே,
அது எங்க ஆடுது?"

என் அட்டையில் நான்கு அம்புக்குறிகள்.
ஒன்றுகூட
அவள் வீட்டு வாசலைத் தொடவில்லை.

அந்தத் தண்ணீராக இருக்க
ஒருவரும் சம்மதிக்கவில்லை.
மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.
அதனால் நானே ஆனேன்.
பதினான்காம் மாடியிலிருந்து
குழாய்க்குள் சுருண்டு சுருண்டு இறங்கி
நகரத்துக்கு அடியில் முழங்காலில் தவழ்ந்து வந்தேன்.
அதற்குள் அவர்களே கைகோத்து
வடிகட்டியாக நின்றிருந்தார்கள்.

"அழுக்கு இங்கயே நிக்கணும்."
பணி அட்டையைக் கழற்றினார்கள்.
விசில், கிளிப், கைக்கடிகாரம்.
"இப்ப சுத்தமா?"
"இன்னும் இல்ல," என்றாள் சஃபியா,
மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு சிறிய முழங்கைகளுக்கு நடுவே
நுழைந்து வெளியே வந்தேன்.
முகங்கள் தெரியவில்லை எனக்கு.
நீலம், அதன்மேல் அசையும் ஏதோ,
யாரோ என் கையில் வைத்த தண்ணீர் போத்தல்.
குடித்தேன்.
கைதட்டினார்கள்.

மணி அடித்தது. காலணிகளைத் தேடி ஓடினார்கள்.
கண்ணாடி திரும்பியது, அட்டை திரும்பியது,
விசில் ஒருமுறை ஊதப்பட்டுத் திரும்பியது.
கைக்கடிகாரம் மட்டும் வரவில்லை.
அது மேலே போயிடுச்சு டீச்சர் என்றான் ஹேமேஷ்,
அடுத்த வியாழக்கிழமை விழும்.