மூன்று சுழி

மின்வெட்டு எட்டிலிருந்து பத்தரை வரை.
சார்ஜ் விளக்கைச் சமையல் மேசையில் நிறுத்தி
போர்வையின் நடுக்கட்டத்தை மட்டும்
மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.
மற்ற இருபத்துநாலு கட்டமும்
நாற்காலிக்குக் கீழே சரிந்து
என் பாதங்களை மூடின. சாட்ஸ்வொர்த்தில்
ஜூலைக் குளிர்.

அவள் தைத்தது.
அவள் என்றால் எனக்கு முன்னால் இருந்தவள்.
இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை,
மரியாதைக்கு.
என் மரியாதைக்கா அவள் மரியாதைக்கா
என்று நானும் கேட்டதில்லை.
ஆனால் நடுக்கட்டத்தில் இருக்கிறது,
நீலத் துணியில் ஆரஞ்சு நூலால் சங்கிலித் தையல்,
ஒவ்வோர் இரவும் சரியாக என் வயிற்றின் மேல்:

தணம்.

தனம் என்று இருக்க வேண்டும்.
ஒரு சுழி கூடுதல்.
எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
இதற்கு ஐம்பது தடவை எழுத வைப்பார்கள்.

பிரிக்கத்தான் உட்கார்ந்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது.
பெயரை எடுத்துவிட்டு அங்கே ஒரு பூ,
இல்லை ஒரு மயில், ஏதாவது.
ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில் பதினோரு வருஷம்
மற்றவர்கள் தப்பாய்த் தைத்ததைப் பிரித்துத்தான்
சம்பளம் வாங்கினேன்.

அடித்துணியை ஒரு சாண் திறந்தேன்.
பின்பக்கம் முடிச்சு, அதன்மேல் முடிச்சு,
அதற்கும் மேல் இன்னொன்று.
நம்பிக்கை இல்லாதவள் போட்ட முடிச்சு.

பழகிய கை அல்லவா,
முதலில் தப்பைத்தான் தேடிப் போகும்.
முழுப் பெயரையும் எடுக்க வந்தவள்
கூடுதல் சுழியை மட்டும் எடுத்திருந்தேன்.

நூல் போன இடத்தில்
சுழி அப்படியே இருந்தது.
எத்தனை வெயில், எத்தனை சலவை,
சுற்றிலும் துணி சாம்பலாகிவிட்டது.
நூலுக்கடியில் மட்டும்
கடையில் வாங்கிய அன்றைய நீலம்.
நகத்தால் தேய்த்தேன். தண்ணீர் தொட்டேன்.
ஊசித் துளைகள் மூடிக்கொண்டன.
நீலம் போகவில்லை.

கிஸ்டன் டார்ச்சோடு வந்தார்.
என்ன செய்கிறாய்?
ஒரு தப்பு இருந்தது.
குனிந்து பார்த்தார்.
'அந்தக் கொடியிலா?'

கொடி.
அவளோடு பத்தொன்பது வருஷம்,
என்னோடு பன்னிரண்டு,
இதற்கடியில் தூங்கி எழுகிற மனிதர்.
தமிழ் எழுத்து தெரியாது.
வளைந்து, சுருண்டு, கடைசியில் மேலே ஒரு மொட்டு.
அவர் கண்ணுக்கு வேறென்னவாகத் தெரியும்.
அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.
எந்தச் சண்டையில் தொடங்கி
அதை யாருக்குச் சொல்லாமல் தைத்தாளோ.

'ஆமாம், கொடியில்தான்' என்றேன்.

என் பெட்டியில் இருந்த ஆரஞ்சு
கொஞ்சம் தூக்கலான ஆரஞ்சு.
பரவாயில்லை என்று அதையே கோத்து
அறுந்த இடத்தை இணைத்தேன். மூன்று முடிச்சு.
இப்போது தனம்.
நடுவே நூலில்லாத ஒரு சுழி,
உற்றுப் பார்த்தால் தெரியும்.
பார்க்கத் தெரிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்தி.

பத்து இருபதுக்கே விளக்கு வந்தது.
ஃபிரிட்ஜ் உறுமியது.
உள்ளேயிருந்து கிஸ்டன்,
போர்வை எங்கே என்றார்.