பாட்டவயல் தாண்டிய ஓட்டை

பத்தேரி ஓட்டல்காரர் போனில் சொன்னது:
ஆறடி உயரம். முகப்புக் கூடம்.
இயற்கையாக இருக்க வேண்டும்,
கூடவே கொஞ்சம் மினுமினுப்பு.
வைக்கப்போகும்போது, மறந்ததை எடுப்பவர் போல,
"ஒரு ஆனை வேணம், கேட்டோ."

கூடலூரில் கடை போட்டவனிடம்
எல்லாரும் யானைதான் கேட்கிறார்கள்.
உண்ணிக்குச்சியை வேகவைத்துத் தோலுரித்தால்
சொன்ன பக்கம் வளையும்.
தும்பிக்கைக்கென்றே முளைத்த களை.
நான் வயரிங் வேலை பார்த்தவன்,
வளைகிற எதையும் நம்பிவிடுவேன்.

சிவபாக்கியம் அப்படியில்லை.
காலையில் கொழுந்து, மூன்று மணிக்கு மேல் என் ஷெட்.
மறுநடவுக்குப் பிடுங்கிப்போட்ட தேயிலை வேரை
கட்டைக்குத் தொண்ணூறு ரூபாய் என்று
சேரம்பாடியிலிருந்து ஆட்டோவில் ஏற்றி வருவாள்.
அன்று இரண்டு கட்டையை இறக்கிவிட்டு
முந்தானையில் மண்ணைத் தட்டிக்கொண்டே,
"ஆனை நான் கட்டமாட்டேன்."

செவ்வாய் ராத்திரி
அவள் லைன் வீட்டுக்கு
அடுப்படிச் சுவர் வழியாக வந்திருக்கிறது.
அரிசி டிரம், உப்பு ஜாடி, பாதி வாழைத்தார்.
கோபமெல்லாம் இல்லை, பசி, என்றாள்.
மகள் படுக்கிற பக்கம் அது இல்லை என்பதை மட்டும்
மூன்று தடவை சொன்னாள்.
இப்போது அங்கே நீலத் தார்ப்பாய்.
காற்றடித்தால் உள்ளே வந்து வந்து போகிறதாம்.

சரி, வேறென்ன கட்டலாம்?
பதில் சொல்லாமல்
இரண்டு வேர்க்கட்டையையும் தலைகீழாக நிறுத்தினாள்,
எதிரும் புதிருமாக.
உச்சியில் வேர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
கட்டுக்கம்பியை நான் முறுக்கினேன்.
"இன்னும் அகட்டுங்க."
அகட்டினேன்.
"இன்னும்."
இதுக்கு மேலே போனா மொத்தமும் விழும், என்றேன்.
"விழுந்துச்சில்ல" என்றாள்.

ஓரமெங்கும் பச்சைப் பஞ்சு, அதை மறைக்கப் பாசி.
ஹெலிகோனியாவைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டோம்.
உடைந்த செங்கல்லின் உள்சிவப்பு
அந்தப் பூவிடம்தான் இருந்தது.
அந்தூரியம் இரண்டு செருகினேன்.
பிளாஸ்டிக் மாதிரி இருக்கு என்று பிடுங்கி
வாளியில் போட்டாள்.
சில்வர் ஓக் சருகுகளை
வெள்ளிப் புறம் வெளியே தெரிய ஒட்டியதில்
ஒரு ஸ்பிரே டப்பா மிச்சம்.
உள்வளைவில் என் பழைய தொழில்: செம்பு வயர்,
அதில் கண்ணாடி மணிகள்,
சிந்திய உப்பின் கணக்கில்.

நடுவில் ஒன்றுமில்லை.
நடுவுக்கு அவள் ஒரு இலை கூட விடவில்லை.

பாட்டவயல் சோதனைச்சாவடியில் ஓரங்கட்டச் சொன்னார்கள்.
"இது மரமா, பூவா?"
வேர் சார். தேயிலை வேர்.
"எந்தக் கணக்குல எழுத?"
குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார்.
அந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு 'அலங்காரம்' என்று எழுதி
விரலில் ஒட்டிய மகரந்தத்தைச்
சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் இரண்டு சுற்று சுற்றி வந்தார்.
"ஆனை எவிடே?"
அவள் தமிழிலேயே சொன்னாள்:
"வந்துட்டுப் போயிருச்சு."
சிரித்தார். இடைவெளிக்குள் கையை நீட்டினார்,
முழங்கை வரைக்கும், பிறகு தோள் வரைக்கும்.
சட்டென்று இழுத்துக்கொண்டார்.
பேசிய பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு பிடித்தார்,
யானை இல்லாததற்கு.

மூன்றாம் நாள் போன்.
வருகிறவர்கள் பிள்ளைகளை ஓட்டைக்குள் நிறுத்திப்
படம் எடுக்கிறார்களாம், தண்ணீர் ஊற்றலாமா?
ஓரத்தில் மட்டும், காலையில் ஒரு டம்ளர், என்றேன்.

சிவபாக்கியம் தன் பங்கை வாங்கிக்கொண்டு
பந்தலூர் போய் ஹாலோபிளாக் சொல்லிவிட்டு வந்தாள்.
முப்பத்தி நாலு.
எப்படிக் கணக்குப் போட்டாய் என்று கேட்டேன்.
கையிரண்டையும் விரித்துக் காட்டினாள்,
நான் கம்பி முறுக்கியபோது
இன்னும், இன்னும் என்று காட்டிய
அதே அகலம்.

வாளியில் அந்தூரியம் இரண்டும்
இன்னும் வாடவில்லை.