மூக்கில் எடை

எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்றால்
விமானி என் சுண்டுவிரல் நகத்தில் உட்காருவான்.
குன்னூர் அரசு மருத்துவமனையில்
பதினெட்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்.
இவ்வளவு சிறிய உடம்பை
யாரும் கொண்டுவந்ததில்லை.

பெட்டிக்குள் ஒரு கான்பெர்ரா,
சாம்பல் பிளாஸ்டிக் கிளைகளில்
துண்டு துண்டாய்க் காய்த்திருந்தது.
கூடவே ஒரு தாள். முப்பத்தொரு படிகள்.
வார்த்தையே இல்லை, படமும் அம்புக்குறியும்தான்.
ஒரு நாளைக்கு அறுபது எலும்பு படிக்கிறவனுக்கு
இது என்ன பெரிய படம் என்று
மடித்து வர்க்கி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

அதுதான் முதல் தப்பு.
மற்றதெல்லாம் அது பெற்ற பிள்ளைகள்.

கத்தி எடுக்கச் சோம்பி கையால் முறித்தேன்,
இறக்கை விளிம்பில் ஒரு சில்லு போயிற்று.
பிதுங்கிய பசையைத் துடைக்கப் போய்
கட்டைவிரல் ரேகை பிளாஸ்டிக்கில் இளகிப் பதிந்தது,
பத்திர ஆபீசில் வைத்த மாதிரி.
கண்ணாடி மூடிக்கு, நொடியில் ஒட்டும் பசை.
காலையில் பார்த்தால் உள்ளே வெண்புகை படிந்து
விமானிக்குக் கண்புரை.

வண்ணம் அடித்தது ஐப்பசியில்.
ஐப்பசியில், குன்னூரில்!
வாடை போகட்டும் என்று ஜன்னலை ஒரு சாண் திறந்தேன்.
வாடை போகவில்லை, மேகம் வந்தது.
எழுபத்திரண்டில் ஒரு பங்கு விமானத்தின் மேல்
முழு அளவு மேகம்.
பச்சை காய்வதற்குள்
திரிந்த பாலாய் வெளுத்தது.

பிறகு வால்.
மேலே நிமிர வேண்டிய சின்ன இறக்கைகள் இரண்டும்
நனைந்த கோழி போலத் தொங்கின.
இடதை வலதிலும் வலதை இடதிலும் ஒட்டியிருக்கிறேன்.
நான்.
ஒவ்வொரு படத்திலும் ஈய எழுத்து வைத்து
இது இடக்கை, இது வலக்கை என்று
சர்ஜனுக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறவன்.
எழுத்தை மாற்றி வைத்த பயிற்சிப் பையனிடம்
போன மாதம் அரைமணி நேரம் கத்தியவன்.
மறுநாள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.
காரணம் சொல்லவில்லை.

கடைசியாகச் சக்கரம் பொருத்தி மேசையில் நிறுத்தினேன்.
நின்றது, ஒரு மூச்சு நேரம்.
அப்புறம் மெதுவாக மூக்கைத் தூக்கி
வாலில் உட்கார்ந்துகொண்டது,
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் சீட்டுக் கிடைத்த ஆள் போல.

வர்க்கி டப்பாவைத் தூக்கினேன்.
மூன்றாம் படி: மூக்குக்குள் ஒரு கருப்பு உருண்டை,
பக்கத்தில் தராசு.
ஒட்டி மூடும் முன் எடை வை.
ஒரு வார்த்தை இல்லாமல்
எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அறுத்தேன்.
பிளேடு, உப்புத்தாள், மூன்று ராத்திரி.
எஸ்தர் கதவோரம் நின்று கேட்டாள்:
உயிர் இருக்கா?
வாலைக் கழற்றிப் பக்கம் மாற்றினேன்.
கண்புரைக்குப் பற்பசை போட்டுத் தேய்த்ததில்
பாதிப் பார்வை திரும்பியது.
ஜன்னலைச் சாத்தி, அறுபது வாட்ஸ் பல்பின் கீழ்
இன்னொரு பூச்சு பச்சை.
கட்டைவிரல் ரேகையை மட்டும் விட்டுவிட்டேன்.
சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

மூக்குக்கு ஈயம் வேண்டுமே.
வேலை இடத்து டிராயரில் கழித்துப்போட்ட ஒரு 'ஆர்' இருந்தது.
கால் முறிந்ததால் பார்க்க 'பி' மாதிரி இருக்கும்.
அதைத் திணித்து மூடினேன்.
மூன்று சக்கரத்திலும் நின்றது. நிற்கிறது.

நேற்று இரவுப் பணி.
பன்னிரண்டுக்கு மேல் மழை, ஒருவரும் வரவில்லை.
மேசையில் விமானத்தைக் கிடத்தி ஒரு படம் எடுத்தேன்.
திரையில் சில்லு இல்லை, ரேகை இல்லை,
வெளுத்த பச்சை இல்லை.
மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரு நிழல்,
அதன் முனையில் பளீரென்று
கால் முறிந்த எழுத்து.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த போஜன்
பதிவேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினான்.
பேஷண்ட் பேர்?
வயசு?
எந்தப் பக்கம், இடதா வலதா?

இரு, என்றேன்.
தாளைப் பார்த்துச் சொல்கிறேன்.