இடக்கை உறை

தாம்பெரெ. நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ரீக்கா அட்டவணையில் எண்களை நகர்த்துகிறாள்:
துருக்கத்தி அறுபது, வெள்ளிக்காசு முப்பத்தொன்பது,
நெருப்பு வாள் நூற்றில் ஒன்று.

வடக்குப் பாறைக்குப் பின்னால் எதுவுமில்லை.
சுவர் எழுப்ப மறந்த இடம்.
விளையாடிப் பார்க்க வந்த ஓஸ்மோ அங்கே
பதினோரு நிமிடம் சும்மா நின்றிருக்கிறான்.

போய்ப் பார்த்தாள்.
பாதி வரைந்த ஏரி,
அப்பால் வெறும் சாம்பல் நிறம்.

ஒரு பெட்டி வைத்தாள். எடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்
வேலிக் கம்பத்தில் யாரோ செருகிவைத்த
கம்பளிக் கையுறை, ஒற்றை.

மறுநாள் பாறையோரப் பைன் கிளையில்
அதேபோல் ஒன்று மாட்டினாள்.
காப்பு: பூஜ்யம். விலை: பூஜ்யம்.

இப்போது புகார்கள் குவிகின்றன:
வலக்கை உறை எங்கே?
குகை குகையாகத் தேடுகிறார்கள்.

அவள் அதை
இன்னும் பின்னவே இல்லை.