மேற்படி

பத்தூமிக் கடற்கரையில் மணல் கிடையாது.
கண்ணுக்கெட்டியவரை கூழாங்கல்,
கல்லின் மேல் மழை, மழையின் மேல் நுரை.
ஒரு கேமராவைக் கொல்ல
இதைவிட நல்ல இடம் இல்லை என்றான் ஊச்சா.
நான் குடை பிடித்தேன், எனக்கல்ல.

மூன்று கை மாறி வந்த பெட்டி அது.
தயாரித்தவர்கள் உள்ளே பூட்டிவைத்த எண்களை
ராத்திரி ராத்திரியாகத் திருத்தியிருந்தான்.
"புதுப்பிக்கவா?" என்று கேட்ட திரைக்கு
"ஆம்" என்று அழுத்தியபோது உதட்டைக் கடித்துக்கொண்டான்.
பாதியில் பேட்டரி போனால் அது வெறும் செங்கல்.

நூற்று எழுபத்தாறு மெகாபிட்.
முதல் ஓட்டம் பதினோரு நொடி.
இரண்டாவது நாற்பது. "அட்டையின் வேகம் போதாது."
மூன்றாவதில் திரை உறைந்தது,
பேட்டரியைப் பிடுங்கிய பிறகே உயிர் வந்தது.
எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன்.
ஏழின் தலையில் ஒரு சொட்டு விழுந்து
அது ஒன்றாகிவிட்டது.

எதற்கு இந்த வெறி?
பழைய அமைப்பிலேயே நன்றாகத்தானே ஓடியது?

மடிக்கணினியைத் திறந்து காட்டினான்.
கேமரா ஒரு சோம்பேறி குமாஸ்தா.
முதல் சட்டத்தை ஒழுங்காக எழுதும்.
அடுத்ததைப் பார்த்து "மேற்படி" என்று கோடு கிழிக்கும்.
அதற்கடுத்ததும் மேற்படி.
பெரிய அலை அடித்தால் பதறி எழுந்து எழுதும்.
ஒரு கல் மயிரிழை நகர்ந்தால்
அதற்கும் மேற்படிதான்.

லம்ஸீராவுக்கு வேண்டியது அந்த மயிரிழை.
ஹூலோ போகும் சாலைக்கு மேலே ஒரு சரிவு,
சரிவுக்குக் கீழே ஏழு வீடுகள்.
அவளுடைய அளவுக் கருவி ஜனவரிப் பனியில் புதைந்தது.
புதியதற்கு விண்ணப்பம் போயிருக்கிறது,
இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது.

மேற்படியே போடாமல் எழுதச் சொன்னால்
நாற்பது நொடியில் மூச்சுத் திணறுகிறது.
மூச்சு விட இடம் கொடுத்தால் பொய் சொல்கிறது.
நான்கு சாயங்காலம் இதே பேச்சு.
நூற்று நாற்பது. நூற்றுப் பதினெட்டு.
ஊச்சாவுக்கு ஒவ்வொரு எண்ணையும் இறக்க
சொத்தை விற்பது மாதிரி மனசு வரவில்லை.

வியாழக்கிழமை, நொடிக்கு இருபத்து நான்கு சட்டம்,
தொண்ணூற்று இரண்டு.
பத்து நிமிடம் போனது. இருபது.
நாங்கள் பேசவே இல்லை, பேச்சுச் சத்தத்தில்
நின்றுவிடும் போல.
முப்பதில் அவனுக்குப் பொறுக்கவில்லை,
ஒரு கல்லை எடுத்துக் கடலில் எறிந்தான்.
தெறித்த ஒவ்வொரு சொட்டும் அதில் இருக்கிறது.
முப்பத்தெட்டாம் நிமிடம் பேட்டரி தீர்ந்தது.
கேமரா தானாக நிற்கவில்லை.

சனிக்கிழமை மலை.
முக்காலியின் கால்களைப் பாறையில் ஊன்றி
ஆறிப்போன ஹச்சாப்புரியைத் தின்றோம்.
திரையில் ஒன்றுமே நடக்கவில்லை.
ஒரு புகைபோக்கி புகைந்தது.
இருபத்தொன்றாம் நிமிடத்தில் பச்சைக் கோட்டுப் பெண் ஒருத்தி
வெளியே வந்தாள், வானத்தைப் பார்த்தாள்,
மழை விட்டது என்று நம்பி
நான்கு படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டாள்.

ராத்திரி லம்ஸீரா
கடைசிச் சட்டத்திலிருந்து முதல் சட்டத்தைக் கழித்தாள்.
மாறாதது எல்லாம் கறுப்பாகிவிடும்.
கறுப்பில் ஒரு புகைத் தீற்றல்,
நான்கு வெள்ளைச் சதுரம்,
அதற்கு மேலே, வேலிக் கம்பங்களின் வரிசையில்
ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம்
நூல் மாதிரி வெளிச்சம்.

"கேமரா ஆடியிருக்குமோ?" என்றேன்.
ஆடியிருக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.
"எதிர்ப் பாறையில் நூல் இல்லை பார்"
என்றான் ஊச்சா, மெதுவாக.
ஜெயித்தவன் குரலாக அது இல்லை.

லம்ஸீரா கம்பங்களை எண்ணினாள். பத்தொன்பது.
மறுபடி எண்ணவில்லை.
ஒரு கையில் போன் மணியடிக்க
மறு கை கோட்டுக்குள் வழி தேடியது.

அவர்கள் கிளம்பிய பிறகு நோட்டை விரித்தேன்.
இடம் என்ற பத்தியில் மேற்படி,
மழைக்கு மேற்படி, அட்டைக்கு மேற்படி,
பக்கம் பக்கமாக என் கையெழுத்து.
கடைசி வரியிலும் பழக்கத்தில் போட்டிருந்தேன்.
அடித்துவிட்டு எழுதினேன்:
சனி. சரிவு. ஏழு வீடு. மழை மறுபடி.
பச்சைக் கோட்டு.